திருமுழுக்குப் பெயர் மறைக்கொள்கை ஆகுமா?

மாறாதது எது, மாறத்தக்கது எது என்று பிரித்தறியும் அறிவே ஒரு சமயத்தையும் காக்கும். ஓர் இனத்தையும் காக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவன் கொள்கையிலும் தெளிவடையான். தன் முகத்தையும் இழப்பான். இக்குழப்பத்தினாலேயே நம் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல, தாம் பெற்ற பிள்ளைகளின் பெயரிலேயே தமிழைத் தொலைத்து நிற்கின்றன.

சென்ற திங்களில் எம் பழைய மாணவர் ஒருவர், பிறந்து நாற்பது நாளான தம் மகளை ஏந்திக்கொண்டு எம் இல்லம் வந்தார். ஞாயிறு வழிபாடு தவறாத கத்தோலிக்கர், தமிழ்ப்பற்றும் உடையவர். "ஐயா, குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று சொல்லுங்கள்" என்றார். 'அருள்மொழி' என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த விரைவிலேயே வாடியது.

"அம்மா ஒப்பமாட்டார்கள் ஐயா. தூயவர் ஒருவரின் பெயரைச் சூட்டாவிட்டால் கோயிலில் முழுக்காட்ட மாட்டார்களாம். அது மறைக்கொள்கையாம்."

"பங்குத் தந்தையிடம் கேட்டாயா, தம்பி?"

"இல்லை ஐயா."

கேளாமலே அஞ்சுவது! இல்லாத விலங்கைத் தாமே பூட்டிக்கொள்வது! இதுவன்றோ நம்மைப் பிடித்த நோய்!

கத்தோலிக்கரின் மாறாக் கொள்கை யாது? கடவுள் ஒருவரே, அவர் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்குகின்றார், இறைமகன் மாந்தனாய்ப் பிறந்து, பாடுபட்டு, இறந்து, உயிர்த்தெழுந்தார் என்பது. 325ஆம் ஆண்டில் நைசீயாவிலும் 381ஆம் ஆண்டில் கான்சுடாண்டிநோபிளிலும் கூடிய பேரவைகளின் வழிவந்த நம்பிக்கை அறிக்கையை இன்றும் அவர்கள் ஞாயிறுதோறும் ஓதுகின்றனர். அதில் கைவைக்குமாறு யாம் கேட்கவில்லை. அஃது அவர்தம் நெஞ்சின் உரிமை.

ஆயின் வழக்கங்கள்? அவை மாறியிருக்கின்றன, நம் கண்முன்னேயே மாறியிருக்கின்றன. நற்கருணை கொள்வோர் நள்ளிரவு முதல் ஒரு வாய்த் தண்ணீரும் பருகலாகாது என்றிருந்தது. 1953இல் தண்ணீர் பருகலாம் என்றனர். 1957இல் மூன்று மணிநேர நோன்பு போதும் என்றனர். 1964இல் அதுவும் ஒரு மணிநேரம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைப் புலால் மறுப்புக்கு ஈடாக வேறு நோன்பு முறைகளை வகுத்துக்கொள்ளும் உரிமையை 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளுக்கு அளித்தார். கோயிலில் பெண்கள் தலைக்கு முக்காடிட வேண்டுமென்று 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருந்த விதி, 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை.

இவற்றிற்கெல்லாம் மேலாக, இலத்தீன் என்னும் பெருங்கோட்டையே திறந்தது. 1963 திசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பேரவை வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம், மக்கள்மொழிக்கு வழிபாட்டில் இடந்தந்தது. நூற்றாண்டுக் கணக்கில் இலத்தீனில் ஒலித்த திருப்பலி தமிழில் ஒலிக்கலாயிற்று. நம்பிக்கை அழிந்ததா? கோயில் இடிந்ததா? பொருள் விளங்காமல் முழந்தாளிட்டிருந்த பாட்டியர், முதன்முறையாகத் தம் மொழியில் மறுமொழி கூறினர்!

வழிபாட்டு மொழியே மாறலாம். கைக்குழந்தையின் பெயர் மட்டும் மாறலாகாதோ?

சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். கடுமை மிகுந்த பழைய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பே, தன் 761ஆம் பிரிவில், கிறித்தவப் பெயரிடப் பங்குத் தந்தை முயலவேண்டும். அது கைகூடாவிடின் பெற்றோர் இட்ட பெயரோடு தூயவர் ஒருவரின் பெயரையும் சேர்த்து, இரண்டையும் திருமுழுக்கு ஏட்டில் எழுதவேண்டும் என்றுதான் கூறிற்று. பெற்றோர் இட்ட பெயரை அன்றும் அழிக்கச் சொல்லவில்லை. இன்று நடப்பிலுள்ள 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855ஆம் பிரிவோ, கிறித்தவ உணர்வுக்கு அயலான பெயரை இடாதவாறு பெற்றோரும் முழுக்குப் பெற்றோரும் பங்குத் தந்தையும் பார்த்துக்கொள்க என்பதோடு நின்றுவிடுகின்றது. அருள்மொழி, அன்பரசி, ஒளிமகள், அறவாழி: இவற்றுள் எது கிறித்தவ உணர்வுக்கு அயலானது? அருளா? அன்பா? ஒளியா? அறமா?

"தூயவரின் பாதுகாவல் வேண்டுமே" என்பர். வேண்டும்தான். ஆனால் அத்தூயவர் அயல்மொழி ஒலியில் அழைத்தால்தான் வருவாரோ? ஒரே தூயவரைச் செருமானியர் யோகான் என்றனர். இத்தாலியர் சியோவன்னி என்றனர். இசுபானியர் உவான் என்றனர். உருசியர் இவான் என்றனர். ஒவ்வோர் இனமும் தன் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. நம் முன்னோரோ ஒலியை வளைத்ததோடு நில்லாமல் பொருளையே பெயர்த்தனர். 'இறைவன் அருளினான்' என்னும் பொருளுடைய அவ் எபிரேயப் பெயரை அருளப்பர் ஆக்கினர். சிறியவர் எனப் பொருள்படும் பவுலைச் சின்னப்பர் ஆக்கினர். மணிமுடி எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை முடியப்பர் ஆக்கினர். 1726இல் தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர், தம் காப்பியத் தலைவரான சூசையப்பருக்கு 'வளன்' என்று பெயர் சூட்டினார். இத்தாலியில் பிறந்தவர்க்கு இருந்த துணிவு, தமிழ்நாட்டில் பிறந்தவர்க்கு இல்லாமற் போவதோ?

இன்னொன்றும் கேண்மின். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் பிற கிறித்தவரும் ஒரே நூலைப் படிக்க வேண்டும் என்னும் நன்னோக்கில் எழுந்தது. நடையிலும் பல இடங்களில் நல்ல தமிழே. ஆனால் அதில் அருளப்பர் யோவான் ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். ஒன்றுபடுதல் நன்றே, ஒன்றுபடுவதற்குத் தமிழ்தான் வழிவிட வேண்டுமா என்பதே எம் வினா. போகட்டும். நற்செய்தி எழுதியவரின் பெயரே ஒரு தலைமுறைக்குள் வழிபாட்டு நூலில் மாறிற்று. மறைக்கொள்கை ஓர் இழையும் அசையவில்லை. ஆகவே பெயர், மாறத்தக்க வழக்கமே என்பதைத் திருஅவையே தன் செயலால் காட்டிவிட்டது. தமிழை விட்டு விலகுவதற்கு மாறலாம் என்றால், தமிழை நோக்கி வருவதற்கு மாறலாகாதா?

கத்தோலிக்கரை மட்டும் குறைகூறி மகிழ்வோர்க்கும் ஒரு சொல். அவர்தம் பெயரில் அயல்வாடை வீசுகிறதென்று நகைக்கும் நீங்கள், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என்ன பெயர் இட்டிருக்கின்றீர்கள்? பொருள் தெரியாத வடசொல்லைத் தொலைக்காட்சியில் கேட்டு, எண்கணியனிடம் எழுத்தெண்ணிச் சூட்டவில்லையா? எம் பள்ளி வருகைப் பதிவேட்டில் கிரந்த எழுத்தின்றி எழுதமுடியாத பெயர்கள் எல்லாச் சமய வீடுகளிலிருந்தும் வருகின்றன. நம் வீட்டைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டு வாயிலுக்குச் செல்வோம்.

கத்தோலிக்கத் தமிழ்ப் பெற்றோரே! உங்கள் நம்பிக்கையை எவரும் கேட்கவில்லை. நீங்கள் வழங்கவேண்டியது, உங்கள் குழந்தையின் மேல் ஊற்றப்படும் தண்ணீரோடு ஒரு தமிழ்ச்சொல். ஐயமிருப்பின் பங்குத் தந்தையிடம் நேரிற் சென்று கேளுங்கள். சட்டத்தின் பிரிவெண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

எம் மாணவரிடமும் அதையே கூறினோம். "உன் அன்னையிடம் சொல், தம்பி! அருள்மொழி என்னும் பெயருக்குள் அருளப்பர் இருக்கின்றார்" என்றோம். குழந்தையை மார்போடணைத்துக்கொண்டு சென்றார். வரும் ஞாயிறன்று திருமுழுக்கு. ஏட்டில் எப்பெயர் ஏறப்போகின்றது என்பதை யாம் அறியோம். அதனைத் தீர்மானிக்க வேண்டியது உரோமையன்று, அந்த வீடு!