படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நம் வீட்டுப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். "உங்கள் உம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை.

2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததாகவும், 98 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழகத்தில் 5.6 சதவீதம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

திட்டம் இல்லாமலும் இல்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர் கையால் தொட்டுப் பார்க்கும் மார்பகப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முன்னால் களப்பணியாளர் வீட்டில் வைத்தே ஒரு படிவம் நிரப்புகிறார். மார்பில் கட்டி உண்டா, காம்பில் ரத்தம் கசிகிறதா, வடிவம் மாறியிருக்கிறதா என்று அதில் கேட்கப்படுகிறது. இவை எல்லாம் நோய் வந்த பிறகு தெரியும் அடையாளங்கள். குடும்பத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் அது ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் பற்றியது மட்டுமே. புற்றுநோய் அதில் இல்லை!

அமெரிக்காவில் குடும்ப மருத்துவரே வயது, பூப்பெய்திய வயது, முதல் பிரசவ வயது, உறவினரின் நோய் ஆகியவற்றை வைத்து ஆபத்தைக் கணக்கிடும் முறை 1989 முதல் இருக்கிறது. ஆபத்து அதிகமென்றால் தடுப்பு மருந்துகூட உண்டு. அந்தக் கணக்கு அந்நாட்டுப் பெண்களை வைத்து உருவானது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கேள்வி கேட்பதற்கு என்ன தடை?

தொட்டுப் பார்க்கும் பரிசோதனையால் பயன் உண்டா என்ற சந்தேகத்துக்கு மும்பையில் விடை கிடைத்திருக்கிறது. டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் கவனித்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்ததில், நோய் முற்றுவதற்கு முன்பே தெரியவந்தது. 50 வயதைக் கடந்தவர்களிடையே மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழ் வயதில் அவ்வளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரிசோதித்தவர்கள் டாக்டர்களும் அல்ல, ஆண்களும் அல்ல என்பதை நம் குடும்பங்கள் குறித்துக்கொள்ளட்டும். "ஆம்பளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது?" என்ற தயக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

தமிழக அரசு 2023-ல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அரசை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. கேட்டாலும் நாம் சொல்வோமா? "பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்" என்று நோயை 'வயிற்றுக்கட்டி' ஆக்கிவிடுகிறோம். மௌத்தான பிறகும் பெயர் சொல்வதில்லை. எந்த மகளுக்காக மறைத்தோமோ, அவளுக்கே தன் ஆபத்து தெரியாமல் போகிறது. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. வாப்பா வழி உறவும் கணக்கில் வரும், ஏனெனில் குறைபாடுள்ள மரபணு தகப்பனிடமிருந்தும் வரும். அதேநேரம் நோய் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. எனவே "எங்கள் வம்சத்தில் கிடையாது" என்பதும் ஒரு பாதுகாப்பு அல்ல.

படிவத்தில் ஒரு வரி சேர்க்க அரசுக்குப் பெரிய செலவில்லை. நம் ஜமாஅத்துகளும் மருத்துவர்களும் அதைக் கோரலாம். அதுவரை நர்ஸம்மா வீட்டுக்கு வரும்போது அவர் கேட்காவிட்டாலும், யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பதை நாமே சொல்லி எழுதச் சொல்வோம்.