பெட்டியை மாற்றும் முன் கம்பியைப் பாருங்கள்

2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெற்றோரின் பிள்ளைகள் பலர் இன்று அரூர், காரிமங்கலம், பாப்பிரெட்டிப்பட்டி அரசுக் கல்லூரிகளிலும், 2013-இல் தொடங்கிய செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிறார்கள். மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிகள் பல இணையத்தில் நடக்கின்றன. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி என்று மாநில அரசு 2025-இல் அறிவித்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் மாணவிக்குக் கல்லூரி வைஃபை என்பது சொகுசு அல்ல. பாடப்புத்தகத்தைப் போன்ற தேவை.

இப்போது சந்தையில் ‘வைஃபை 7’ வந்திருக்கிறது. அதற்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. விளம்பரங்கள் பெரிதாகப் பேசும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம் (சேனல்) 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே கிடைக்கும். அந்த அலைவரிசையில் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸைக் கட்டடத்துக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த வழிசெய்யும் வரைவு விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது. அந்த 500-இல் 320 அகலத் தடம் ஒன்றுதான் அடங்கும். அடுத்தடுத்த வகுப்பறைகளில் பல வைஃபை கருவிகளைப் பொருத்தும் கல்லூரி அதை நம்பித் திட்டமிட முடியாது. போதாக்குறைக்கு, 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். மாணவர்களிடம் உள்ள பழைய கைப்பேசிகள் அதைப் பிடிக்கவும் மாட்டா.

ஆகவே என் கருத்து இது: பெரும்பாலான வகுப்பறைகளுக்கு முந்தைய தலைமுறையான வைஃபை 6 போதும். மிச்சமாகும் பணத்தைக் கம்பிக்கும் சுவிட்சுக்கும் மின்சாரத்துக்கும் போடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் நம் ஊர்களுக்கு வந்தது தெருக்குழாய் மாட்டியதால் அல்ல, காவிரிக்கரையிலிருந்து பெருங்குழாய் பதித்ததால். புதிய கருவிகளுக்குத் தரவும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகின்றன. அவற்றில் பல, முழுத் திறனில் ஓட 30 வாட்டுக்கு மேல் கேட்கும். பழைய சுவிட்ச் அதைத் தராது. 10 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுபோக ‘கேட் 6ஏ’ கேபிள் வேண்டும். கேபிளை ஒருமுறை சரியாகப் பதித்துவிட்டால், அடுத்த தலைமுறைக் கருவி வரும்போது பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்.

இதைக் கல்லூரி முதல்வர் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. புதுக் கட்டடம் எழுப்பும் பொதுப்பணித்துறை, தளம் போடும்போதே கேபிள் செல்லும் குழாய்களையும் நல்ல எர்த்திங்கையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும். பூசி முடித்த சுவரை உடைப்பது இரட்டைச் செலவு. தொகுதி மேம்பாட்டு நிதி தரும் மக்கள் பிரதிநிதிகள் திறப்புவிழாவுக்குப் பொருத்தமான கருவியோடு, கண்ணுக்குத் தெரியாத கேபிளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் ஆண்டுப் பராமரிப்புச் செலவில் பங்கேற்கலாம். வாங்குவதற்கு நிதி கிடைத்தாலும் பராமரிக்கக் கிடைக்காமல் போவதுதான் பொதுச் சொத்துகளின் பழைய நோய்.

மாணவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரே அரங்கில் ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகி எல்லாருக்கும் வேகம் குறையும். எந்த அறையில் சிக்னல் எவ்வளவு, எந்த நேரத்தில் எத்தனை பேர் என்று அளந்து வரைபடமாக்குவதைப் பொறியியல் மாணவர்களின் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம்.

மாவட்ட ஆட்சியர் இவர்கள் அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும். அந்த அளவீட்டு வரைபடம் மேசைக்கு வந்த பிறகே எந்தக் கல்லூரியும் ஒப்பந்தப்புள்ளி கோரட்டும்.