குளம்பு ரோகமும் குளம்பு நோவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் மாடு வளர்க்கும் தமிழர் ஒருவர் தம் பசுவுக்குக் 'குளம்பில் நோய்' என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன விளங்கும்? மலையாளத்தில் 'குளம்பு ரோகம்' என்பது ஒரே நோயின் பெயர். தமிழ்நாட்டில் கோமாரி என வழங்கும் நச்சுயிரித் தொற்றுதான் அது. சொல் ஒன்றுபோல் ஒலிப்பதாலேயே வேறொரு துன்பம் அதற்குள் மறைந்துபோகிறது.

கோமாரிக்குக் கத்தி வேண்டியதில்லை. முன்கூட்டித் தடுப்பூசி, வந்தபின் பராமரிப்பு, அவ்வளவே. உள்ளங்குளம்புப் புண் அப்படியன்று. சிமெண்டுத் தரையில் நாளெல்லாம் நிற்கும் கறவை மாட்டுக்கு, பெரும்பாலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில், உள்ளிருக்கும் எலும்பு கீழுள்ள மென்திசுவை நசுக்குவதால் வருவது. தளர்ந்த பகுதியைச் செதுக்கி நீக்கி, நலமாக உள்ள மறுபக்கக் குளம்பின் அடியில் கட்டை ஒட்டி உயர்த்தினால், புண்பட்ட பக்கத்தின் மீது பாரம் விழாது. சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பக்க விரலையே அகற்ற நேரும். கேட்கக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் காலை இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழுள்ள சிரையில் லிக்னோகெயின் செலுத்தினால் அப்பகுதி மரத்துவிடும். ஆகஸ்ட் பீர் 1908இல் மனிதர்களுக்காக அறிமுகப்படுத்திய முறையின் வழிவந்தது இது. எஞ்சிய ஒற்றைக் குளம்பை ஊன்றி அந்தப் பசு நடக்கும், கறக்கும். கொடுமை என்பது வாரக்கணக்கில் அதைத் தாங்கித் தாங்கி நடக்கவிட்டு, கடைசியில் அடிமாடாக விற்பது.

'மருத்துவர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடாதா, சொல்லில் என்ன இருக்கிறது' என்று கேட்போர் உண்டு. மருத்துவரை அழைப்பதா வேண்டாமா என்பது தொழுவத்தில், அவர் வருவதற்கு முன்பே முடிவாகிறது. தானே ஆறிவிடும் நோய் என்று வீட்டில் பெயரிட்டுவிட்டால் நாட்கள் கழியும். செதுக்கினால் தீர்ந்திருக்கக்கூடிய புண் எலும்பைத் தொடும். வண்டிமாட்டுக்கு லாடம் கட்டியவர்கள் இருந்த காலத்தில் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் கையாவது ஊரில் இருந்தது.

1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டைப் பற்றி எழுதித் தீராத மொழியியலும் அரசியலும், பள்ளிக்கூடம், பெயர்ப்பலகை, மனு ஆகியவற்றோடு மொழி உரிமையை முடித்துக்கொள்கின்றன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அரசோடு கடிதம் எழுதும் உரிமையைப் பேசுகிறது. நோவுகிற மாட்டைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. வட்டார வழக்கு ஆய்வோ, 'குளம்பு' இரு மொழிக்கும் பொதுச்சொல் என்று காட்டி மகிழ்ந்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. பொதுச்சொல்தான் இங்கே குழப்பத்தின் வேர் என்பதைக் களத்தில் நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வலியைக் குறிக்கும் 'நோவு' தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. தடுப்பூசி முகாமின் துண்டறிக்கையில் 'குளம்பு ரோகம்' ஒரு வரியிலும், 'குளம்பு நோவு: ஒரு காலை மட்டும் தாங்கி நடந்தால் உடனே காட்டுக' என்பது அடுத்த வரியிலும், இரு எழுத்துகளிலும் அச்சாகட்டும்.