'ரிட்ரெஞ்ச்' - 'டெர்மினேட்': உங்கள் கடிதத்தில் எந்தச் சொல்?

"வேலை போயிருச்சு."

வீட்டில் சொல்ல இது போதும். ஆனால் நிறுவனம் கொடுக்கும் கடிதத்தில் இருப்பது 'ரிட்ரெஞ்ச்மண்ட்' என்ற சொல்லா, 'டெர்மினேஷன்' என்ற சொல்லா? அதைப் பொறுத்து உங்கள் கைக்கு வரும் பணம் மாறலாம்.

என்ன வேறுபாடு?

'டெர்மினேஷன்' பொதுவான சொல். வேலை ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது, அவ்வளவுதான். முறையாக முன்னறிவிப்புக் கொடுத்தால், காரணம் சொல்லாமலேயே முதலாளி ஒப்பந்தத்தை முடிக்கலாம்.

'ரிட்ரெஞ்ச்மண்ட்' அதில் ஒரு வகை. தமிழில் ஆட்குறைப்பு. தப்பு ஊழியர் மேல் இல்லை. அந்த வேலையே இனி இல்லை. பிரிவை மூடியிருக்கலாம், வேலையை வேறு நாட்டுக்கு மாற்றியிருக்கலாம்.

ஏன் முக்கியம்?

சிங்கப்பூரில் குறைந்தது 10 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால், ஊழியரிடம் சொன்ன 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கவேண்டும்.

குறைந்தது 2 ஆண்டு வேலை செய்தவர்கள் ஆட்குறைப்பு அனுகூலத்துக்குத் தகுதிபெறுவர். வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். மாதம் 3,000 வெள்ளி வாங்கியவர் 6 ஆண்டு வேலை செய்திருந்தால், அது 18,000 வெள்ளி வரை போகும்.

ஆனால் ஒன்று: சட்டப்படி இது கட்டாயம் இல்லை. வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இல்லையென்றால் பேசித்தான் வாங்கணும். கடிதத்தில் 'டெர்மினேஷன்' என்று மட்டும் இருந்தால், பலர் அந்தப் பேச்சையே தொடங்குவதில்லை.

சொல்லை மாற்றினால் போதுமா?

போதாது. அமைச்சு பார்ப்பது காரணத்தைத்தான். காலியான இடத்துக்கு வேறு ஆள் எடுக்கும் எண்ணம் நிறுவனத்துக்கு இல்லையென்றால், மாற்று ஆதாரம் இல்லாதவரை அது ஆட்குறைப்பாகவே கருதப்படும்.

"நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, பேர் கெடாது" என்று சொன்னால்?

உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா செய்தவர் ஆட்குறைப்பு அனுகூலம் கேட்பது கடினம். விரும்பி வேலையை விட்டவர்களுக்கு, 6 மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் வேலை தேடுவோருக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டமும் கிடையாது.

கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்களா? அதை முறையற்ற பணிநீக்கம் என்று புகார் செய்யலாம். கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் டிஏடிஎம் எனும் முத்தரப்பு அமைப்பை நாடவேண்டும். அதுவரை கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.