முதுகுவலியின் விலை

சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். முதுகின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியில்லை. அமெரிக்கக் கூடைப்பந்துச் சந்தையில் அதற்கும் வழியுண்டு. பரிமாற்றத்தில் வரும் வீரரை மருத்துவர் சோதிப்பார். தேறாவிட்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். இத்தனை வசதியிருந்தும், முதுகுவலியுள்ள ஒரு நட்சத்திரத்தை வாங்கலாமா என்ற கேள்வி அணி நிர்வாகங்களை இன்றளவும் தடுமாற வைக்கிறது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஒரு மனிதனின் வலியை இன்னொருவர் எடைபோடுவது எப்படி என்பதுதான் இதன் அடிநாதம். அது நமக்குப் புறம்பான விஷயமன்று.

2012ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஒர்லாண்டோ மேஜிக் அணியின் ட்வைட் ஹோவர்ட், 2009 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று முறை என்.பி.ஏ.வின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றவர். 2012 ஏப்ரலில் அவருடைய கீழ்முதுகில் வட்டு பிதுங்கியதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பு பறிபோனது. அதே ஆகஸ்டில், நான்கு அணிகள் கலந்துகொண்ட ஒரு பெரும் பரிமாற்றத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அவரை வாங்கியது. லேக்கர்ஸின் ஆண்ட்ரூ பைனம் பிலடெல்ஃபியாவுக்குப் போனார். பிலடெல்ஃபியாவின் ஆண்ட்ரே இகுவடாலா டென்வருக்குப் போனார். ஒர்லாண்டோவுக்கு நிகோலா வுசெவிச் உள்ளிட்ட இளம் வீரர்களும் எதிர்காலத் தேர்வுரிமைகளும் கிடைத்தன.

விளைவு எல்லோரும் அறிந்ததே. 2012-13 பருவத்தில் லேக்கர்ஸ் 45 வெற்றி, 37 தோல்வியோடு தட்டுத்தடுமாறி பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோவிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது. 2013 ஜூலையில் ஹோவர்ட் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அன்றுமுதல் இந்தப் பரிமாற்றம் ஒரு மூடத்தனத்தின் உதாரணமாகவே சொல்லப்பட்டு வருகிறது. நாம் இதை ஏற்கவில்லை. எடுத்த முடிவு சரி. அதற்குப் பிறகு நடந்ததுதான் பிழை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை இடர் என்பதைப் பற்றி நம்மால் உருப்படியாக எதுவும் பேச முடியாது.

முதலில் வலியைப் புரிந்துகொள்வோம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே மெத்தைபோல வட்டுகள் இருக்கின்றன. வெளியே உறுதியான நார்வளையம், உள்ளே கூழ்போன்ற மையம். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும்போது வலி இடுப்போடு நிற்பதில்லை. தொடை வழியாகக் கால்வரை இறங்கும், காலின் வலுவும் குறையலாம். எம்பிக் குதிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. அறுவை சிகிச்சையில் பிதுங்கிய துண்டை அகற்றுகிறார்கள். நரம்புக்கு விடுதலை கிடைக்கிறது. ஆனால் வட்டு பழைய வட்டாவதில்லை. அதற்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடைந்த எலும்பு கூடுவதுபோல அது கூடிவிடாது. மீண்டும் பிதுங்கும் சாத்தியம் எப்போதும் உண்டு. ஆகவே முதுகுவலிக்காரரை வாங்குகிறவர் முற்றும் குணமான ஒருவரை வாங்கவில்லை. தவணை முறையில் திரும்பி வரக்கூடிய ஒரு துன்பத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்பது நம் கருத்து.

முதலாவது, கைவிடுவது என்ன? லேக்கர்ஸ் கொடுத்த பைனம் 2012இல்தான் முதன்முறையாக நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். ஆனால் 2008, 2009 ஆகிய இரு ஆண்டுகளிலும் முழங்கால் காயத்தால் நெடுநாள் முடங்கியவர். பிலடெல்ஃபியாவுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முழங்கால்கள் இடம் கொடுக்கவில்லை. லேக்கர்ஸின் தராசில் ஒரு தட்டில் பழுதான முதுகு இருந்தது என்றால், மறுதட்டில் பழுதான முழங்கால்கள் இருந்தன. இடர் ஒரு பக்கம், பத்திரம் மறுபக்கம் என்று நின்று தேர்ந்தெடுக்கும் பேறு நிர்வாகிகளுக்கு வாய்ப்பதேயில்லை. எந்த இடரோடு வாழ்வது என்பது மட்டுமே அவர்கள் முன்னிருக்கும் தேர்வு.

இரண்டாவது, அந்த வீரரின் ஆட்டத்தில் எவ்வளவு பங்கை முதுகு சுமக்கிறது? பாஸ்டனின் லாரி பேர்ட் 1985 கோடையில் தன் தாயாரின் வீட்டில் ஜல்லி அள்ளிப்போட்டபோது முதுகைக் கெடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 1986இல் அணிக்குச் சாம்பியன் பட்டமும் தனக்கு மதிப்புமிக்க வீரர் விருதும் வென்றார். காரணம் எளிது. அவர் ஆட்டம் துள்ளலை நம்பியதன்று. கண்ணையும் மணிக்கட்டையும் நம்பியது. ஆனாலும் முதுகு தன் கணக்கைத் தீர்க்காமல் விடவில்லை. ஓய்வு நேரத்தில் ஆடுகளத்தின் ஓரம் தரையில் படுத்துக் கிடக்கும் நிலைக்கு வந்தார். 1991இல் அறுவை சிகிச்சை, 1992இல் ஓய்வு.

இந்த அளவுகோலால் பார்த்தால் ஹோவர்ட் ஆபத்தான சரக்குதான். அவர் கலை முழுவதும் குதிப்பதிலும் மோதுவதிலும் இருந்தது. இருந்தும் சிகிச்சை முடிந்த ஆறு மாதத்தில் களம் இறங்கி, 82 ஆட்டங்களில் 76 ஆடினார். சராசரி 12.4 பந்துமீட்புகளோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். புள்ளிச் சராசரி 20.6இலிருந்து 17.1ஆக இறங்கியது மெய். அது ஒரு தேய்மானம். சரிவு என்று சொல்லமாட்டோம்.

மூன்றாவது, எவ்வளவு காலத்துக்குக் கட்டுப்படுகிறோம்? இங்கேதான் ப்ரூக்ளின் நெட்ஸின் கதை நினைவுக்கு வருகிறது. 2022 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஹார்டனைப் பிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி, பென் சிம்மன்ஸையும் வேறு சிலரையும் இரு முதல்சுற்றுத் தேர்வுரிமைகளையும் அவர்கள் பெற்றார்கள். சிம்மன்ஸுக்கு 2020 பிப்ரவரியிலேயே கீழ்முதுகில் நரம்பு அழுத்தம் வந்திருந்தது. தூரத்திலிருந்து எறியும் பழக்கம் அவருக்கு இல்லை. வேகமும் உடல்வலுவுமே அவர் மூலதனம். அவருடைய ஒப்பந்தமோ 2025 வரை நீண்டது. வந்த பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. மே மாதம் முதுகில் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தில் 42 ஆட்டங்கள், அதற்கடுத்ததில் 15. 2024இல் மீண்டும் முதுகில் சிகிச்சை. வெளியேறத் துடித்த ஹார்டனுக்கு ஈடாக வேறென்ன கிடைத்திருக்கும் என்று நெட்ஸ் தரப்பில் வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் மூன்றாண்டுக்கு மேல் நீளும் ஒப்பந்தத்தோடு, வேகத்தை மட்டுமே நம்பிய ஒரு முதுகை வாங்குவதும், ஓராண்டே மிச்சமிருந்த ஒப்பந்தத்தோடு ஹோவர்டை வாங்குவதும் ஒரே வகை இடரன்று.

அந்த ஓராண்டுதானே லேக்கர்ஸின் கையைச் சுட்டது என்று கேட்பவர்கள் உண்டு. சுட்டது உண்மை. ஏறத்தாழ 118 மில்லியன் டாலர் தர லேக்கர்ஸ் ஆயத்தமாக இருந்தும், 88 மில்லியன் டாலருக்கு ஹூஸ்டனைத் தேர்ந்தார் ஹோவர்ட். ஆனால் அவரை அழைத்துச் சென்றது முதுகு அன்று, மனம். பருவத்தின் ஐந்தாவது ஆட்டத்தோடு பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 38 வயது ஸ்டீவ் நாஷ் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து ஏறத்தாழ ஏழு வாரம் முடங்கினார். ஏப்ரலில் கோபி பிரையன்ட்டின் குதிகால் நாண் அறுந்தது. தோல்விக்கு இத்தனை வாசல்கள் திறந்திருக்க, பழி மட்டும் முதுகின்மேல் ஏறியது. முன்கூட்டியே பெயர் சூட்டப்பட்ட இடர்மீதுதான் எல்லாப் பழியும் வந்து விழும் போலும்.

இனி, எந்த நிர்வாகமும் தன் கணக்கில் எழுதாத ஒரு செலவைச் சொல்லவேண்டும். முழங்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. கை முறிந்தால் கட்டு தெரிகிறது. முதுகுவலிக்கு முகமில்லை. நின்றுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிற ஒருவனுக்கு வலிக்கிறது என்றால் உலகம் எளிதில் நம்புவதில்லை. ஹோவர்ட் மெத்தனக்காரர் என்று ஏசப்பட்டார். சிம்மன்ஸ் நடிக்கிறார் என்றார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் முதுகுவலி என்று சொல்லி விடுப்புக் கேட்ட எவருக்கும் அந்தப் பார்வை பழக்கமானதே. கோடிகளில் ஊதியம் பெறுகிறவனுக்கு அனுதாபம் எதற்கு என்று கேட்கலாம். அனுதாபத்தை விட்டுவிடுவோம், லாபக் கணக்காகவே பார்ப்போம். வலியை நம்பாத இடத்தில் வீரன் அவசரப்பட்டுத் திரும்புகிறான், அல்லது மனம் கசந்து விலகுகிறான். இரண்டிலும் நட்டம் வாங்கியவருக்கே.

ஹோவர்டின் பிற்காலம் இதற்குச் சாட்சி. 2018 நவம்பரில் அவருக்கு மீண்டும் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. வாஷிங்டனுக்காக அந்தப் பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடினார். கதை முடிந்தது என்றார்கள். 2019இல் அதே லேக்கர்ஸ் அவரைக் குறைந்த ஊதியத்தில், குறைந்த பொறுப்போடு அழைத்துக்கொண்டது. 2020இல் அந்த அணி சாம்பியன் ஆனது. 2025இல் அவர் பெயர் புகழ்மண்டபத்தில் ஏறியது. முதுகு அதே முதுகுதான். அதன்மேல் ஏற்றப்பட்ட சுமைதான் மாறியிருந்தது.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். கைவிடுவது கனமானதாக இல்லையென்றால், ஒப்பந்தம் குறுகியதென்றால், ஆட்டத்தில் குதிப்பதைத் தவிர வேறேதும் மிச்சமிருக்கிறதென்றால், வாங்கலாம். ஆனால் வீரரை வாங்கும்போது பொறுமையையும் சேர்த்து வாங்கவேண்டும். அந்தப் பொறுமைக்குக் கையில் காசில்லாத அணி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முதுகுவலிக்காரரின் பக்கம் போகாமலிருப்பதே இருவருக்கும் நல்லது.