நெஞ்சில் குடியிருப்பது யார்?

நெஞ்சுக்குள்ளே கட்டைவிரல் அளவில் புருஷன் ஒருவன் இருக்கின்றான் என்கின்றது கடோபநிஷத்து. பூசலார் என்பவர் நெஞ்சிலேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்திற்கு நாளும் குறித்தாரென்கின்றது பெரிய புராணம். இருக்கட்டும். 1816-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்து டாக்டர் லேனக் என்பவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நோயாளியான ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுதான் ஸ்டெதாஸ்கோப்புக்கு ஆரம்பம். அன்று முதல் கோடிக்கணக்கான மார்புகளைக் கேட்டாய்விட்டது. யாருக்காவது கோயில் மணி கேட்டதா என்று கேட்கின்றோம்.

கேட்பதெல்லாம் "லப், டப்" என்ற சத்தந்தான். இருதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது முதலாவது. இரத்தம் வெளியேறும் குழாய் வாயிலுள்ளவை மூடும்போது இரண்டாவது. சாஸ்திரிகளுக்கும் இதுதான், கொல்லிமலைக் குடியானவருக்கும் இதுதான். வயது சென்றவருக்கு மூன்றாவது சத்தம் கேட்டால் அது மேல் ஜாதிக்கு அடையாளமல்ல. பெரும்பாலும் இருதயம் தளர்ந்ததற்கு அடையாளம்!

நிற்க. அரியூர் நாட்டுத் தோழர்களுக்கு இதைச் சொல்லக் காரணமுண்டு. ஒரு குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகின்றது. இரண்டு மூன்று வாரங்கழித்துக் காய்ச்சலும், மூட்டு மாற்றி மூட்டு வீக்கமும் காண்கின்றன. "காற்று சேஷ்டை" என்று கயிறு கட்டி மாசி பெரியசாமிக்கு நேர்ந்துகொண்டால், வீக்கம் வற்றிவிடுகின்றது. நேராவிட்டாலும் வற்றத்தான் செய்யும்! ஆனால் பேர் சாமிக்குப் போய்விடுகின்றது; இருதய வால்வு மட்டும் தழும்பேறிச் சுருங்குகின்றது. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமாகி, மூச்சு முட்டிச் சாகக் கிடக்கும்போது "தலைவிதி" என்கின்றார்கள். நெருக்கமான வீடும், வைத்தியமில்லாத தொண்டைப் புண்ணும் செய்த வேலைக்குப் பிரம்மாவின் எழுத்து என்ன செய்யும்?

வால்வு கெட்டால் அந்த இரண்டு சத்தங்களோடு ஓர் இரைச்சலோ உறுமலோ சேரும். காது கொடுத்துக் கேட்கின்ற டாக்டருக்கு அது தெரியும். ஆனால் நம் டாக்டர்களில் சிலர் ஸ்டெதாஸ்கோப்பைப் பூணூல் போல மாட்டிக்கொண்டு, சட்டைக்கு மேலேயே தொட்டுவிட்டுச் சீட்டு எழுதுகின்றார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்நோயைத் தேடுவதற்கு 2013-ல் சர்க்கார் ஒரு திட்டமே போட்டது. காகிதத்திலுள்ள திட்டம் 70 கொண்டையூசி வளைவும் ஏறி மலைக்கு வரவேண்டாமா?

இரைச்சலெல்லாம் நோயல்ல, பல குழந்தைகளுக்கு அது வெறும் சத்தமே. எக்கோ பரிசோதனை அதைத் தீர்த்துச் சொல்லிவிடும். ஆகவே தாய்மார்களே, "பிள்ளையின் சட்டையைக் கழற்றி நெஞ்சைக் கேளுங்கள்" என்று டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். நோய் இதுவென்றால் மூன்று நான்கு வாரத்திற்கொருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் பல வருஷம் போடவேண்டும். தழும்பை அது அழிக்காது. புதுத் தழும்பு விழாமல் தடுக்கும். திருவிழா வந்ததென்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.