பந்தா, பட்டமா?

மே மாதம் வந்தால் பண்ருட்டிச் சாலையோரங்களில் பலாப்பழம் குவியும். நெய்வேலி நகரியத்து வீடுகளில் பிளஸ் டூ மதிப்பெண் பற்றிய பேச்சு குவியும். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும் பெற்றோரிடையே எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம் என்பதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. அந்தக் கூட்டத்திலிருந்து சற்று ஒதுங்கி நின்ற ஒரு தாய் கேட்ட கேள்விதான் இந்தச் சிந்தனைக்குக் காரணம்.

"ஃபாதர், பையனைச் சென்னையில ஒரு ஃபுட்பால் கிளப்ல கூப்பிடுறாங்க. காலேஜை அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறான். அவங்கப்பா ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தத் தந்தையின் மௌனம் மட்டும் எனக்குப் புரிந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட நிலக்கரி நிறுவனத்தை நம்பி வந்து குடியேறியவர்களின் ஊர் இது. ஷிப்டு வேலை கடினமானதுதான். ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும், நோய் வந்தால் மருத்துவமனை உண்டு. அந்த நிம்மதியில் வாழ்ந்த ஒருவருக்கு, ஓராண்டு ஒப்பந்தத்தில் பந்து உதைக்கப் போகிறேன் என்று மகன் சொன்னால் பேச்சு எப்படி வரும்?

நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கின்றன. கடவுள் கொடுத்த திறமை என் காலில் இருக்கிறது, அதை மண்ணில் புதைக்கலாமா என்கிறான் மகன். கடவுள் உனக்கு அறிவையும்தானே கொடுத்தார் என்கிறார்கள் பெற்றோர். எனக்கென்னவோ, இந்த வழக்கிற்குப் பொருத்தமான பகுதி லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இயேசு சொல்லும் இடம் அது. கோபுரம் கட்டாதே என்று அவர் சொல்லவில்லை. கணக்குப் பார் என்றுதான் சொல்கிறார்.

கணக்குப் பார்ப்போம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது கால்பந்தும் இனி ஒரு தொழில்தான் என்ற நம்பிக்கை நம் இளையோரிடையே பிறந்தது. சென்னையின் அணி 2015-இலும் 2017-18-இலும் கோப்பையை வென்றது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19-இல் ஐ-லீக் பட்டம் வென்றது. எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சென்னை சிட்டி அணி 2021-க்குப் பிறகு ஐ-லீக் களத்திலேயே இல்லை. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில் இந்த நிலை.

2025-இல் நடந்தது இன்னும் பெரிய பாடம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, லீக்கை நடத்திவந்த நிறுவனத்தோடு 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதிய உடன்பாடு ஏற்படாததால் அந்த ஆண்டு ஜூலையில் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி தன் முதன்மை அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சென்னை அணியும் தன் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் போட்டி அந்த ஆண்டு முடியும்வரை தொடங்கவே இல்லை. அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரியில்தான் சுருக்கமான வடிவில் மீண்டும் பந்து உருண்டது. நாட்டின் முதல்தர லீக்கில் ஆடும் வீரருக்கே அந்த மாதங்களில் அடுத்த சம்பளம் எப்போது என்று தெரியவில்லை. அப்படியிருக்க, அதற்குக் கீழே மூன்றாம், நான்காம் நிலையில் ஆடும் 18 வயதுப் பையனின் நிலை என்ன?

உடல் என்ற ஒன்றும் இருக்கிறது. குமரி மாவட்டக் கடலோரத்தில் தூத்தூர் மறைவட்டக் கிராமங்களை நம்மில் பலர் அறிவோம். ஆலயத்துக்கு அருகில் கடற்கரை மணலில் பந்து ஆடி வளர்வது அங்கே தலைமுறை வழக்கம். அங்குள்ள இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று உயர்ந்து 2019-இல் இந்திய அணியிலும் ஆடினார். 2020 நவம்பர் 20 அன்று அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடமுடியவில்லை. அவர் மீண்டு வந்து ஆடினார். அவரைப் பார்த்துக்கொள்ளப் பெரிய அணி இருந்தது. சிறிய கிளப்பில் ஆடும் ஒருவனுக்கு அதே முழங்கால் காயம் ஏற்பட்டால் அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

அப்படியானால் பந்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று அந்த இளைஞன் கேட்பான். இல்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்கள வீராங்கனை. 2019-இல் நேபாளத்தில் தெற்காசியக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அதே நேரத்தில் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2021-இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் சீருடையில் பணியாற்றினார். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இருந்தார். உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விளையாட்டு வீரர்களுக்கென 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்தத் தேர்வை எழுதப் பட்டப்படிப்பு கட்டாயம். கோல் அடித்தால் மட்டும் அந்தக் கதவு திறக்காது. நம் ஊர் ஆண்பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம். தொலைக்காட்சியில் தெரியும் ஐரோப்பிய வீரரின் பெயரைச் சட்டையின் முதுகில் அச்சிட்டுக்கொள்கிறார்கள். கடலூர்ப் பெண்ணின் பெயர் பலருக்குத் தெரியாது.

ரயில்வேயிலும் இதே கதைதான். தென்னக ரயில்வேயும் பெரம்பூர் ஐ.சி.எஃப்-பும் பல ஆண்டுகளாகக் கால்பந்து வீரர்களை வேலைக்கு எடுத்து வருகின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் பத்தாம் வகுப்புப் படித்தவருக்குக் கடைநிலைப் பணி. பன்னிரண்டாம் வகுப்புக்கு அதற்கு மேல். நிலை 4, 5 பணிகளுக்குப் பட்டம் வேண்டும். ஒரே அணியில், ஒரே திறமையோடு ஆடும் இருவருக்கு, படிப்பை வைத்து ஆயுள் முழுவதும் வேறு சம்பளம். வயது வரம்பு 18 முதல் 25 வரை. பிளஸ் டூவோடு கிளப்புக்குப் போய், ஏழு ஆண்டு ஆடி, காயத்தோடு 25 வயதில் வீடு திரும்புகிறவனுக்கு அந்த வாசலும் அடைபட்டிருக்கும். இந்தக் கணக்கை அவனுக்கு 18 வயதில் சொல்ல யாராவது இருக்கவேண்டும்.

கல்லூரி என்றால் ஆட்டம் முடிந்தது என்றும் பொருளல்ல. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியிலிருந்து மேலே போனவர்கள் உண்டு. அதில் ஆட முழுநேர மாணவராக இருக்கவேண்டும், அஞ்சல்வழியில் படிப்பவர் ஆடமுடியாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. மாநில, தேசியப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பையனுக்கு அவை பயன்படும். பல வீடுகளில் கோப்பை கண்ணாடி அலமாரியில் இருக்கும், சான்றிதழைத் தேடினால் கிடைக்காது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பட்டத்தை 30 வயதிலும் வாங்கலாம். 18-இலிருந்து 22 வரையான கால்கள் திரும்ப வரா. சுனில் சேத்ரி 2002-இல் மோகன் பகானில் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. அன்று யாராவது பிடித்து வைத்திருந்தால் இந்தியா அதிகக் கோல் அடித்த தன் தலைவனை இழந்திருக்கும். ஆகவே முதல்நிலை அணி ஒன்று உண்மையாகவே எழுத்து மூலம் அழைத்தால், 'போகாதே' என்று நான் சொல்லமாட்டேன். போகிறவன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலாவது பெயரைப் பதிந்துவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் 'ஜெனரேஷன் அடிடாஸ்' என்ற திட்டத்தில் இளம் வீரர்களை ஒப்பந்தம் செய்யும்போதே, பிற்பாடு கல்லூரிக்குத் திரும்பினால் அதற்கான உதவித்தொகையையும் உறுதி செய்கிறார்கள். எல்லாரும் நட்சத்திரமாக மாட்டார்கள் என்று அந்த லீக் ஒப்புக்கொள்கிறது. நம் கிளப்புகளிடம் அப்படிக் கேட்க ஒரு பெற்றோருக்குத் துணிவு வராது. மறைமாவட்ட இளையோர் பணிக்குழுவோ, நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களோ சேர்ந்து கேட்கலாமே.

டாக்டர் டி. ஆவ் என்ற நாகா இளைஞரை இங்கு நினைத்துக்கொள்கிறேன். போதகரான அவருடைய தந்தை 1935-இல் இறந்தார். மகன் மருத்துவராகி மக்களுக்குப் பணியாற்றவேண்டும் என்பது அவர் விருப்பம். மகன் கொல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டே மோகன் பகானில் ஆடினார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் அணிக்குத் தலைமை தாங்கினார். அணியில் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்து நாகா மலைகளுக்குத் திரும்பி, பின்னாளில் அம்மாநில சுகாதாரத்துறை இயக்குநரானார். பந்தும் படிப்பும் அவர் வாழ்வில் ஒரே நேரத்தில் நடந்தன. எல்லாராலும் அது முடியாது என்பதையும் அறிவேன். மருத்துவப் படிப்போடு மோகன் பகான் என்பது சாதாரணக் காரியமல்ல.

2018-இல் வத்திக்கான் விளையாட்டைப் பற்றி ஒரு தனி ஏட்டை வெளியிட்டது. விளையாட்டு வீரரை ஒரு சரக்காக நடத்துவதை அது கண்டிக்கிறது. நம் ஊர்களிலும் தரகர்கள் நடமாடுகிறார்கள். தேர்வு முகாம் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் உண்டு. 18 வயது நிரம்பாத வீரரோடு மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்யக்கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. இது தெரியாமல் ஐந்தாண்டுக்குக் கையெழுத்து வாங்க வருகிறவரிடம் தாய் தந்தையர் தலையாட்டிவிடக்கூடாது.

அந்தத் தாயிடம் அடுத்த ஞாயிறு மகனை மட்டுமல்ல, அவன் அப்பாவையும், அந்த கிளப் அனுப்பிய தாளோடு வரச் சொல்லியிருக்கிறேன். சட்டம் படித்த பங்குமக்கள் ஒருவரும் உடன் இருப்பார். எத்தனை மாதம், எவ்வளவு சம்பளம், அடிபட்டால் யார் பார்ப்பது, தேர்வு எழுத விடுப்பு உண்டா என்று நான்கு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாவதை அவன் அப்பாவைக் கேட்கச் சொல்லவேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அதற்குள் முடியவில்லை.